புள்ளியும் குறுக்கும்

போன வாரம் எங்கள் கணக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளம் ஆசிரியை, வல்லம் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவர், ஒரு விடைத்தாளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுத் தாள். "வெக்டர் பெருக்கல்ல இந்தப் பையன் எங்கயும் குறியே போடல. சைபர் போட்டுட்டேன். சரிதானே?" என்று கேட்டிருந்தார். கேட்ட வேகத்தில் கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் கூப்பிய கை வேறு போட்டிருந்தார், எதற்கென்று தெரியவில்லை. நான் ஓய்வு பெற்றவள். என் பெயரை இன்னும் குழுவிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பதே பெரிய விஷயம். ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊர் அறிந்தது. "அவசரப்படாதீங்கம்மா, முதல்ல நான் ஒண்ணு எழுதி அனுப்பறேன், படிச்சிட்டு முடிவு பண்ணுங்க" என்று போட்டேன். அதற்கும் கட்டைவிரல். சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் கஸ்தூரி. செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலைக் கணித ஆசிரியையாக இருந்தேன். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், கூலிக்குப் போனவர்கள். எங்கள் தெருவில் கணக்கில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கல்லூரி, பி.எட்., வேலைக்குக் காத்திருந்த காலம் எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் உள்ள கதைதான், பஸ்ஸும் பசியுமாகப் போனது. வேலைக்கு ஆர்டர் வந்த அன்று வீட்டில் நடந்த பேச்சை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"பெரிய கிளாசுக்கு இன்னா பாடம் எடுக்கப் போற?" என்று அம்மா கேட்டார்.

"வெக்டர் பெருக்கல்மா."

"பெருக்கறதுக்கா இம்மா வருசம் படிச்ச? நானும்தான் தெனம் காலையில எழுந்து பெருக்கறேன். எனக்கு வெளக்கமாறு, உனக்கு சாக்பீசு. அம்மாந்தான் வித்தியாசம்."

நைனா, அதான் அப்பா, சும்மா இருப்பாரா? "பெருக்கறதுல எத்தினி வகைம்மா இருக்குது?" என்றார். "முக்கியமா ரெண்டு நைனா" என்றேன். "உங்கம்மாளுக்கு ஒண்ணுதான் தெரியும். குப்பைய எல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவா" என்றார். அம்மா அந்த விளக்குமாற்றாலேயே அவரைத் துரத்தினார். வெக்டர் பாடம் தொடங்கும் நாளெல்லாம் இதை வகுப்பில் சொல்லுவேன். பிள்ளைகள் சிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கணக்கை மறந்துபோனவர்களுக்காக ஒரு பத்தி. ஐந்து கிலோ அரிசி என்றால் அது வெறும் அளவு. ஐந்து கிலோமீட்டர் அவலூர்பேட்டை ரோட்டில் வடக்கே என்றால் அதில் அளவும் இருக்கிறது, திசையும் இருக்கிறது. திசை உள்ள இந்தச் சரக்குக்குப் பெயர் வெக்டர். எழுத்தின் தலையில் ஓர் அம்புக்குறி போட்டு எழுதுவோம். இரண்டு வெக்டர்களை இரண்டு விதமாகப் பெருக்கலாம். நடுவில் புள்ளி வைத்துப் பெருக்கினால் புள்ளிப் பெருக்கம். விடை வெறும் எண்தான், திசை போய்விடும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் விடை பூச்சியம். நடுவில் பெருக்கல் குறி போட்டுப் பெருக்கினால் குறுக்குப் பெருக்கம். இதில் விடைக்குத் திசை உண்டு, அதுவும் அந்த இரண்டு வெக்டர்களுக்கும் செங்குத்தாகப் புதிதாக ஒரு திசை. தரையில் கிடக்கும் இரண்டு கோல்களைப் பெருக்கினால் விடை கொடிக்கம்பம் மாதிரி எழுந்து நிற்கும். எனக்கு இந்த வயதிலும் இது அதிசயமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. புள்ளிப் பெருக்கத்தில் ஏ, பி என்ற வரிசையை மாற்றிப் போட்டாலும் விடை மாறாது. குறுக்குப் பெருக்கத்தில் மாற்றினால் விடை தலைகீழாகிவிடும், மைனஸ் வந்துவிடும். ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் உள்ளே போகிறது, இடப்பக்கம் திருகினால் வெளியே வருகிறது, அப்படித்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப் போவது முழுக்கப் புரியும்.

முதல் வருடம் இந்தக் குறுக்குப் பெருக்கம் என்னைப் படாத பாடு படுத்தியது. காரணம் அதன் பெயர். நம் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பிலேயே 'குறுக்குப் பெருக்கல்' தெரியும். இரண்டு பின்னங்கள் சமம் என்றால் இதன் தலையையும் அதன் காலையும் பெருக்குவது. நான் போர்டில் இரண்டு வெக்டர்களை எழுதி "குறுக்கே பெருக்குங்க" என்றேன். மொத்த வகுப்பும் அவற்றைப் பின்னமாக எழுதி, குறுக்கே கோடு இழுத்துப் பெருக்கி, நடுவில் சமக்குறி போட்டுவிட்டது. பத்தும் பன்னிரண்டும் சமம் என்று நோட்டு நோட்டாக எழுதியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், அந்தச் சமக்குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி இருந்தால் விடையின் அளவு சரியாக வந்திருக்கும். திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன். "இது வேற குறுக்கு, அது வேற குறுக்கு" என்று அந்த வருடம் முழுக்கக் கத்தியதில் எனக்குக் 'குறுக்கு டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஆசிரியர் கூட்டங்களில் குறுக்கே பேசுகிறவள் என்பதால் மற்ற ஆசிரியர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வருடம் பாதி வகுப்புக்கு விடை சரியாக வந்தது, ஆனால் எல்லாம் மைனஸில். விடை எந்தப் பக்கம் நிற்கும் என்று கண்டுபிடிக்க வலக்கை விதி என்று ஒன்று உண்டு. வலது கை விரல்களை முதல் வெக்டரிலிருந்து இரண்டாவதை நோக்கி மடக்கினால் கட்டைவிரல் காட்டுவது விடையின் திசை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தேர்வு நடக்கும்போது வரிசைக்கு நடுவே நின்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வலது கையில் பேனா இருக்கிறது. சும்மா இருக்கும் இடது கையை மடக்கிப் பார்க்கிறார்கள். இடது கை பொய் சொல்லாமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து அந்தப் பாடத்தில் நான் போட்ட முதல் சத்தம் "பேனாவைக் கீழ வை!" என்பதுதான். வகுப்பில் இடது கையால் எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு மட்டும் முதலிலிருந்தே எல்லா விடையும் சரியாக வந்திருந்தது. அது ஏன் என்று அவளே எழுந்து வகுப்புக்கு விளக்கிச் சொன்னாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பத்மாவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வின் விடைத்தாள்களை ஒரு பள்ளியில் முகாம் போட்டுத் திருத்துவார்கள். வேறு மாவட்டத் தாள்கள் வரும். தாளில் மாணவர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ஒரு பொய் எண் மட்டும் இருக்கும். எங்களைப் போன்ற உதவித் தேர்வாளர்கள் சிலர் ஒரு மேசை. மேசைக்கு ஒரு தலைமைத் தேர்வாளர். நாங்கள் திருத்தியதில் சிலவற்றை அவர் எடுத்து மறுபடி பார்ப்பார். தேர்ச்சிக்கு நூலிழையில் தவறிய தாள்களைக் கட்டாயம் பார்ப்பார். ஒரு வருடம் செஞ்சியிலேயே ஒரு பள்ளியில் முகாம் நடந்தது. எங்கள் மேசையின் தலைமைத் தேர்வாளர் பத்மாவதி மேடம்.

மேல்சித்தாமூர் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். ஒல்லியான உடம்பு, நூல் சேலை, சத்தமே இல்லாத பேச்சு. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். அது அவர்கள் வழக்கம். அதனால் மாலை ஐந்தேகால் ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்து, ஜன்னல் பக்கம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து இரண்டு இட்லியை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். நாங்கள் அவரைக் கடிகாரமாகவே வைத்திருந்தோம்.

முதல் நாள் அவர் செய்த காரியத்தில் மேசையே கொதித்துப் போனது. விடைக்குறிப்பை எங்களிடம் கொடுக்காமல், வினாத்தாளையும் வெள்ளைத்தாளையும் கொடுத்து, "முதல்ல நீங்க பரீட்சை எழுதுங்க" என்றார். நரைத்த தலைகளெல்லாம் முணுமுணுத்தன. "நாங்க இன்னா பசங்களா?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். மேடம் தானும் ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நாங்கள் என்ன செய்ய முடியும்? எழுதி முடித்ததும் ஒருவர் தாளை அடுத்தவரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். எந்தக் கணக்கில் கை தடுமாறும், எந்த வரியை அவசரத்தில் விட்டுவிடுவோம் என்று எங்கள் தாளிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கே ஒரு கணக்கில் அம்புக்குறி விட்டுப்போயிருந்தது. என் தாளைத் திருத்திய குமரேசன் சார் அதைச் சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டினார்.

மேடம் திருத்துவதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. 'தப்பு' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்து மெதுவாகக் கீழே கொண்டுவருவார். கணக்கு எங்கே வழி மாறுகிறதோ அங்கே விரல் நிற்கும். "பிள்ளை இது வரைக்கும் வந்துடுச்சு" என்பார். வந்த தூரத்துக்கு மார்க். ஒரு கணக்கைப் பார்க்க நாங்கள் எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு அவருக்கு ஆகும். ஆனால் அவர் பார்த்த தாளை யாரும் மறுபடி பார்க்க வேண்டியிருக்காது. நான் வேலையில் பார்த்த மேலதிகாரிகளில் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது இவர் ஒருவரைத்தான், இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

குமரேசன் சாரையும் சொல்ல வேண்டும். என் பக்கத்து நாற்காலி. நல்ல கணக்கு வாத்தியார், ஆனால் கறார் என்றால் அப்படி ஒரு கறார். கண்கொத்திப் பாம்பு மாதிரி தாளைப் பார்ப்பார். யாருக்கும் கூடவும் போட மாட்டார், குறைக்கவும் மாட்டார். முகாம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அவர் திருத்திய தாள் ஒன்று மேடத்திடம் போனது. தேர்ச்சிக்குச் சில மார்க்குகள் குறைவு. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மேடம் தாளைப் புரட்டினார், ஓர் இடத்தில் நின்றார், முதல் பக்கத்துக்குப் போனார், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். "குமரேசன் சார், கொஞ்சம் வர்றீங்களா? கஸ்தூரி, நீயும் வாம்மா" என்றார்.

கணக்கு இதுதான். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும், இதை வெக்டர் முறையில் நிறுவ வேண்டும். பெரிய மார்க் கணக்கு. புள்ளிப் பெருக்கத்தால் செய்ய வேண்டியது. இரண்டு கோடுகள் செங்குத்து என்று எழுதி, இரண்டு பெருக்கங்களும் பூச்சியம் என்று போட்டு, இரண்டையும் கூட்டினால், ஏ-பி என்ற பெருக்கமும் பி-ஏ என்ற பெருக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிச்சம் நிற்பது மூன்றாவது கோடும் செங்குத்து என்று சொல்லிவிடும். இந்தப் பிள்ளை வரிக்கு வரி அப்படியேதான் எழுதியிருந்தது. அம்புக்குறியெல்லாம் இருந்தது. ஆனால் ஏ-க்கும் பி-க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, புள்ளி எங்கேயும் இல்லை. குமரேசன் சார் படத்துக்கு மட்டும் ஏதோ போட்டுவிட்டு மீதிக்குக் குறுக்கே கோடு இழுத்திருந்தார்.

"புள்ளி இல்லன்னா அது இன்னா பெருக்கம் மேடம்?" என்றார் குமரேசன். "ஏ பி, பி ஏ ரெண்டையும் அடிச்சிடுச்சு. எட்டாங்கிளாஸ் அல்ஜிப்ரா மாதிரி அடிச்சிருக்குது. மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கும். வெக்டர் எங்க இருக்குது இதுல?"

மேடம் நாலு பக்கம் தள்ளி வேறொரு கணக்கைக் காட்டினார். ஏ கழித்தல் பி என்பதையும் ஏ கூட்டல் பி என்பதையும் குறுக்கே பெருக்கச் சொல்லும் கணக்கு. எட்டாம் வகுப்புப் புத்தியோடு செய்தால் ஏ வர்க்கம் கழித்தல் பி வர்க்கம் என்று வந்து நிற்கும். அந்தக் கண்ணியில் விழாத பிள்ளை குறைவு. இந்தப் பிள்ளை விழவில்லை. நடுவில் பெருக்கல் குறி அழகாக இருந்தது. பி-ஏ என்று வந்த இடத்தில் திருப்பிப் போட்டு, குறியையும் மாற்றி, ஏ-பி குறுக்குப் பெருக்கத்தின் இரண்டு மடங்கு என்ற சரியான விடைக்கு வந்திருந்தது. இதற்குக் குமரேசனே முழு மார்க் போட்டிருந்தார்.

"திருப்பினா குறி மாறும்னு இங்க தெரியுது. அங்க திருப்பும்போது மாத்தல. ஏன்?" என்றார் மேடம்.

"ரெண்டும் வேற வேற பெருக்கம்னு தெரிஞ்சதாலதான் மேடம்" என்றேன், யாரும் என்னைக் கேட்காமலே.

"இருக்கலாம் டீச்சர்" என்றார் குமரேசன். கோபப்படவில்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "தெரிஞ்சிருக்கலாம். ஆனா எழுதலையே? பேப்பர்ல இருக்கறதுக்குத்தான் நான் மார்க் போட முடியும். மனசுல இருக்கறதுக்குப் போட முடியாது. இன்னைக்கு இதுக்குப் போட்டா, புள்ளி வெச்சு ஒழுங்கா எழுதின பிள்ளைங்களுக்கு நாம இன்னா நியாயம் பண்றோம்?"

அவர் சொன்னதில் பிசகு இல்லை. ஆனால் இந்தக் கணக்கு போனால் அந்தப் பிள்ளை பெயில். பன்னிரண்டு வருடம் படித்துக் கடைசிப் படியில் வழுக்கி விழும். எந்த வீட்டிலோ ஒரு பெண்ணாக இருந்தால், படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். எங்கள் தெருவில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அதற்குள் தாள் கட்டும் வேலையில் இருந்த உதவியாளர் அம்மா எட்டிப் பார்த்து, "மேடம், பொழுது இறங்குது, நீங்க இன்னும் சாப்புடல" என்றார்.

"ஒரு ராத்திரி பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆயிட மாட்டேன், நீ போம்மா" என்றார் மேடம். பிறகு தாளைக் குமரேசன் பக்கம் நகர்த்தினார். "சார், ஒரு தடவை இந்தக் கணக்கை எனக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டுங்க. முதல் வரியில இருந்து. நிறுத்தாம படிங்க."

குமரேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் படிக்கிற அதே கணீர்க் குரலில் தொடங்கினார்.

"முக்கோணத்தின் குத்துக்கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் என நிறுவுவோம். ஏ, பி, சி முனைகளின் நிலை வெக்டர்களை எடுத்துக்கொள்வோம். இந்தக் கோடு எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்து. ஆகவே ஏ டாட் சி மைனஸ் ஏ டாட் பி சமம் பூச்சியம். அடுத்து, பி டாட் ஏ..."

அங்கே அவர் நிறுத்தினார். புள்ளிப் பெருக்கத்தை 'டாட்' என்று படிப்பது கணக்கு வாத்தியார் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். அவர் மறுபடி தாளைப் பார்த்தார். டாட் அங்கே இல்லை.

"எங்க சார் இருக்குது டாட்?" என்றார் மேடம்.

"வாய்ப் பழக்கம் மேடம்" என்றார் குமரேசன். முகம் சிவந்துவிட்டது.

"அதுக்கு முன்னாடி 'புள்ளியில்'னு படிச்சீங்களே, அதைப் பாருங்க."

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. தாளில் இருந்தது இப்படி: 'முககோணததின குததுககோடுகள ஒரு புளளியில சநதிககும'. புள்ளி என்ற சொல்லிலேயே புள்ளி இல்லை. மேடம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளி இல்லை. வாக்கியம் முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளியும் இல்லை. எங்கள் எல்லோருடைய கண்ணும் அதை நிரப்பிக்கொண்டு, நிரப்பியது தெரியாமலே படித்துக்கொண்டு போயிருக்கிறது.

"எங்க ஊர்ல ஓலைச்சுவடி பார்த்து வளர்ந்தவ நான்" என்றார் மேடம். "ஓலையில புள்ளி குத்தினா ஓலை பொத்துப் போயிடும்னு அந்தக் காலத்துல வைக்க மாட்டாங்க. படிக்கறவங்க சேர்த்துப் படிச்சுக்குவாங்க. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சோ, அவசரமோ, யாரும் கண்டிக்கலையோ, எனக்குத் தெரியாது. ஆனா இது கையோட எழுத்து. மத்த பிள்ளைங்க எல்லா இடத்துலயும் வெச்சுட்டு ஒரு இடத்துல விட்டா, அது விட்டது. இது எங்கயும் வைக்கல. பெருக்கல் குறி தேவைப்பட்ட இடத்துல பெருக்கல் குறி போட்டிருக்குது, அது கோடு. புள்ளி தேவைப்பட்ட இடத்துல, எப்பவும் புள்ளிய எப்படி எழுதுமோ அப்படி எழுதியிருக்குது. தமிழுக்கு நீங்க சேர்த்துப் படிச்சீங்க சார். கணக்குக்கும் சேர்த்துதான் படிச்சீங்க. மார்க் போடும்போதுதான் சேர்க்க மாட்டேன்றீங்க."

குமரேசன் சார் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில், "நீங்களே மாத்திடுங்க மேடம், உங்களுக்கு அதிகாரம் இருக்குது" என்றார்.

"மாட்டேன்" என்றார் மேடம். "நான் மாத்தினா, பெரியம்மா பாவப்பட்டுப் போட்ட மார்க்குன்னு உங்க மனசுல நிக்கும். இது பாவப்பட்டுப் போடறது இல்ல. உங்களுக்குத் தோணினா நீங்களே போடுங்க. தோணலன்னா நான் கையெழுத்துப் போட்டு அப்படியே அனுப்பிடறேன்."

இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, அந்தப் பிள்ளையின் தலையெழுத்தை இந்தக் கறார் மனிதர் கையில் கொடுக்கிறாரே என்று மேடத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

குமரேசன் தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார். மேடம் செய்வது போலவே மெதுவாக ஒவ்வொரு வரியாகக் கீழே கொண்டுவந்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்து, தான் இழுத்த கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முழு மார்க்கையும் போட்டார். முன்பக்கத்தில் கூட்டலைத் திருத்தினார். பாஸ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன், யார் பார்த்தால் என்ன.

"மேடம், இந்தப் பிள்ளை யாருன்னு ஒரு தடவை பார்க்கணும் போல இருக்குது" என்றேன்.

"தெரிஞ்சவங்களா இருந்தா இம்மா நேரம் உட்கார்ந்திருக்க மாட்டோம்மா, வேண்டியவங்களுக்குப் போட்டுட்டோமோன்னு பயம் வந்துடும்" என்றார் மேடம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

குமரேசன் சார் கிளம்பவில்லை. அன்று மதியம் அவர் திருத்தி முடித்த கட்டு மேசை ஓரத்தில் இருந்தது. அதே பள்ளித் தாள்களாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், எங்களுக்குத் தெரிய வழியில்லை. மார்க் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அவர் அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகிப் போயிருந்தது, நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் பண்றீங்க? எல்லாம் முடிஞ்சதாச்சே" என்றேன்.

"இதுல எத்தினி பிள்ளை வாய்விட்டுப் படிச்சா பாஸாவும்னு தெரியல டீச்சர்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

மேடம் பையை மறுபடி கீழே வைத்தார். நான் என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "பாதியை எங்கிட்ட குடுங்க சார்" என்றேன்.